கூந்தல் வாரும் பெண்ணின் ஜப்பானிய அச்சுப்படம்: இதைக் கூடத்தில் மாட்டலாமா?

கேள்வி: ஜெயநகர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் சில ஆண்டுகள் எங்கள் அடுத்த வீட்டில் குடியிருந்த ஜப்பானியக் குடும்பத்தினர், ஊர் திரும்பும்போது சட்டமிடாத மர அச்சுப்படம் ஒன்றை எங்களுக்குப் பரிசாகக் கொடுத்துச் சென்றனர். நீலமும் வெள்ளையும் கலந்த மெல்லிய வீட்டுடை அணிந்த இளம்பெண் ஒருத்தி, ஒரு கையால் தன் நீண்ட கூந்தலைத் தாங்கிக்கொண்டு மறுகையால் சீப்பை ஓட்டுகிறாள். அவள் கண்கள் நம்மை நோக்கவில்லை. பின்புலத்தில் சாம்பல் நிறத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் தாளைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் அந்தச் சாம்பல் மின்னத் தொடங்குகிறது.

இதைக் கூடத்துச் சுவரில் மாட்ட விரும்பினேன். விளக்கேற்றும் வீட்டில் தலைவிரி கோலமாக இருக்கும் பெண்ணின் படம் ஆகாது என்கிறார் என் மாமியார். கல்லூரியில் படிக்கும் என் மகளும் வேண்டாம் என்கிறாள், ஆனால் அவள் சொல்லும் காரணம் வேறு. தனிமையில் இருக்கும் ஒரு பெண்ணை ஆண் ஓவியன் ஒருவன் கதவிடுக்கு வழியே பார்த்ததை நாம் ஏன் சட்டமிட்டுக் கொண்டாட வேண்டும் என்று அவள் கேட்கிறாள். இணையத்தில் தேடியபோது, கண்ணாடி முன் அமர்ந்தவள், கழுத்துக்கு மாவு பூசுபவள், குளித்துவிட்டு நகம் வெட்டுபவள் என்று இதே போன்ற படங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. இவ்வளவு பேர் இதையே ஏன் வரைந்தார்கள்? என்னிடம் இருப்பது உண்மையான மர அச்சுதானா என்பதை வீட்டிலேயே அறிய வழி உண்டா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் இருவருக்கும் மறுமொழி சொல்ல உதவியாக இருக்கும்.

மறுமொழி: அச்சுப்பலகை

அம்மா, நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், அது ஹாஷிகுச்சி கோயோ என்ற ஓவியர் 1920-ல் வெளியிட்ட கூந்தல் வாரும் பெண்ணின் படமாகவே இருக்க வேண்டும். இந்த ஊரில் கணினித் துறையில் இருப்பவர்கள் பலர் இவளைத் தங்களை அறியாமலே பார்த்திருப்பார்கள். 1984-ல் மெக்கின்டாஷ் கணினி வெளிவந்தபோது, மேக்பெயின்ட் மென்பொருளால் என்னவெல்லாம் வரையலாம் என்று காட்டுவதற்காக சூசன் கேர் உருவாக்கிய கருப்பு வெள்ளைப் படம், கோயோவின் இந்தப் பெண்ணை வைத்துச் செய்யப்பட்டதுதான்.

உண்மையான மர அச்சுதானா என்று அறிவது கடினம் இல்லை. முதலில் ஒரு நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியால் உடையின் நீலப் பகுதியைப் பாருங்கள். சிறு சிறு வண்ணப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது ஆஃப்செட் இயந்திரத்தில் அடித்த நகல். நிறம் புள்ளியின்றித் தாளின் நார்களுக்குள் ஊறியிருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். தாளைத் திருப்புங்கள். மர அச்சில் நீரில் கரைத்த நிறமே பயன்படுகிறது; அதுவும் ஈரப்படுத்திய முசுக்கட்டை நார்த்தாளில், மூங்கில் மடல் போர்த்திய ‘பாரென்’ என்ற வட்டத் தேய்ப்பானைக் கொண்டு கையாலேயே அழுத்தித் தேய்க்கப்படுகிறது. தோசைக்கல்லில் மாவைச் சுழற்றித் தேய்ப்பது போன்ற அசைவு அது. அதனால் நிறம் பின்பக்கம் வரை கசிந்திருக்கும், சுழன்ற தேய்ப்பின் தடங்களும் தெரியும். பிறகு அறையை இருட்டாக்கி, ஒரு கைவிளக்கைத் தாளின் ஓரத்திலிருந்து கிடைமட்டமாகப் பாய்ச்சுங்கள். கருங்கோடுகள் தாளில் மெல்ல அமிழ்ந்திருந்தால் அவற்றைப் பலகைதான் பதித்திருக்கிறது.

நான் லினோவிலும் மரத்திலும் அச்சு செய்பவன் என்பதால் ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இந்தப் படங்களில் என் கண் முதலில் போகும் இடம் நெற்றியோரம், அதாவது தோல் முடிந்து கூந்தல் தொடங்கும் இடம். அங்கே ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் இரண்டு மூன்று மயிரிழைகள் தனித்தனியாக நிற்கும். ஓவியர் மெல்லிய தாளில் தீட்டிய கோட்டோவியத்தைக் காட்டுச் செர்ரி மரப் பலகையில் முகம் கவிழ ஒட்டி, அதன் மேலேயே செதுக்குவார்கள். கோட்டை வெட்டுவது எளிது. இங்கே வெட்டப்படுவது கோடு அல்ல, கோட்டின் இருபுறமும் உள்ள மரம். ஒவ்வொரு மயிரும் வெட்டாமல் விடப்பட்ட ஒரு மெல்லிய மேடு. கத்தி ஒருமுறை வழுக்கினால் இழை போய்விடும். எடோ காலத்து (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) ஓவியர்கள் இந்த இழைகளைத் தனித்தனியாக வரைந்துகூடத் தரமாட்டார்கள். கூந்தலின் எல்லையைக் காட்டிவிட்டு மற்றதைத் தலைமைச் செதுக்குநரிடம் விட்டுவிடுவார்கள். முகமும் கூந்தலும் அவர் பொறுப்பு, உடையின் பூவேலை இளையவர்களின் பொறுப்பு. இந்த வகைப் படங்களில் தலைவாரும் காட்சிகள் மிகுந்திருப்பதற்கு, அது செதுக்குநரின் திறமையைக் காட்டும் களம் என்பதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கொசுவலைப் படங்களையும் தேடிப் பாருங்கள். வலைக்குள் ஒருத்தி, வெளியே ஒருத்தி என்று உதமாரோ என்பவர் வரைந்திருக்கிறார். அந்த வலையின் குறுக்கிழைகளை ஒரு பலகையிலும் நெடுக்கிழைகளை மற்றொரு பலகையிலும் செதுக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிடுவார்கள். பலகையின் மூலையில் வெட்டியிருக்கும் தாள் பொருத்தும் குறி ஒரு மயிரளவு பிசகினாலும் வலை கலைந்துவிடும். மின்னும் சாம்பல் நிறத்துக்குக் காரணம் அபிரகப் (மைக்கா) பொடி. ஆஃப்செட் நகலில் அந்த மினுக்கம் வராது.

மறுமொழி: இந்திராநகர் நூல்விரும்பி

மேலே நண்பர் சொன்னதோடு, ஏன் இவ்வளவு பேர் இதையே வரைந்தார்கள் என்ற கேள்விக்கு என்னால் இயன்ற விடையைத் தருகிறேன். பெண்ணின் அழகைப் பொருளாகக் கொண்ட இந்த வகைக்குப் பிஜின்-கா என்று பெயர். தொடக்ககாலப் படங்களில் பெண்கள் பெரும்பாலும் ஆடை விளம்பரம் போல முழு உருவமாக நிற்பார்கள். அவர்களை வீட்டுக்குள் அழைத்து வந்தவர்களில் முதன்மையானவர் சுசுகி ஹருனோபு. 1765-ல் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துச் செல்வர்களும் கவிதை ஆர்வலர்களும் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட நாட்காட்டிப் படங்களுக்காகச் செலவு பாராமல் பல பலகைகளில் பல வண்ணம் அச்சிடும் முறை முழுமை பெற்றபோது, அதன் நடுவில் இருந்தவர் அவர்.

அவர் 1766-ஐ ஒட்டிச் செய்த ‘உள்ளறையின் எட்டுக் காட்சிகள்’ என்ற தொகுதியைப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். சீன மரபில் ஆறும் ஏரியும் கூடும் ஒரு நிலப்பகுதியை இலையுதிர்கால நிலவு, இரவு மழை, தரையிறங்கும் காட்டு வாத்துகள், மாலை மணியோசை என்று எட்டுக் காட்சிகளாகப் பாடுவதும் வரைவதும் வழக்கம். ஹருனோபு அந்த எட்டையும் வீட்டறைக்குள் கொண்டுவந்தார். நிலவு இருந்த இடத்தில், தலைவாரிக்கொள்ளும் பெண்ணின் முன்னால் இருக்கும் வட்டக் கண்ணாடி வந்தது. இரவு மழை தேநீர்க் கெண்டியின் கொதியொலி ஆனது. வாத்துகளின் வரிசை கோத்தோ யாழின் நரம்புகளைத் தாங்கும் குதிரைகளின் வரிசை ஆனது. கோயில் மணிக்குப் பதிலாகக் கடிகாரம் அடிக்க, குளித்துவிட்டு வந்தவள் அதைத் திரும்பிப் பார்க்கிறாள். நிலத்தையும் பொழுதையும் அகவுணர்வோடு சேர்த்தே படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இது அயலாகப் படாது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. படிக்கும் கண் நமக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது என்கிறேன்.

அடுத்து வந்தவர்களில் தோரி கியோனாகாவை விரைவாகக் கடந்துவிடலாம். அவர் வரைந்த நெடிய, நிமிர்ந்த பெண்கள் கம்பீரமானவர்கள், ஆனால் பெரும்பாலும் பொது இடத்துப் பெண்கள். பொதுக் குளியலறையின் உட்புறத்தைக் காட்டும் இரட்டைத்தாள் படம் மட்டும் விதிவிலக்கு. அதன் ஒரு பிரதியைப் பிரெஞ்சு ஓவியர் தெகா வைத்திருந்தார். இப்போது அது பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கிதகாவா உதமாரோ 1790-களின் தொடக்கத்தில் செய்ததுதான் பெரிய திருப்பம். உடலைக் குறுக்கி, முகத்தையும் தோளையும் மட்டும் தாள் முழுக்க நிறைத்து, பின்னால் அபிரகப் பொடி பூசி, வேறு எதையும் வைக்காமல் விட்டார். கண்ணாடியில் தன் பின்கழுத்தைப் பார்ப்பவள், படித்த கடிதத்தை மடிக்க மறந்தவள் என்று மனநிலையே படத்தின் பொருளாகியது. பின்கழுத்து அக்கால ஜப்பானில் அழகின் இடமாகக் கருதப்பட்டதால், முதுகு காட்டி அமர்ந்த பெண்கள் இவ்வகையில் மிகுதி. அவருடைய புகழ்பெற்ற மூவர் படத்தில் இருப்பவர்கள் அரசகுலத்தவர் அல்லர். ஒருத்தி அசகுசா கோயில் அருகே தேநீர்க் கடையில் பணி செய்த ஒகிதா. மற்றொருத்தி அரிசி வறுவல் கடைக்காரரின் மகள் ஒஹிசா. மூன்றாமவள் இசை வல்ல கெய்ஷா தொயோஹினா. படத்தின் விலை ஒரு கிண்ணம் நூடுல்ஸின் விலையை ஒட்டியே இருந்ததால் கூலியாளும் வாங்க முடிந்தது. வாங்கியவர் கடைக்கு நேரில் போய் ஒகிதாவைப் பார்த்தும் வர முடிந்தது.

அகப்பாடலில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது நம் இலக்கண மரபு. எடோவிலோ பெயர் எழுதுவதுதான் வணிகம், அதைத் தடுத்தது ஆட்சி. பரத்தையர் அல்லாத பெண்களின் பெயரைப் படத்தில் பொறிக்கக் கூடாது என்று 1793-ல் ஆணை வந்தது. உடனே படத்தின் மூலையில் இரண்டு கட்டுக் கீரை, ஓர் அம்பு, கடல், வயல் ஆகியவற்றை வரைந்துவைத்தார்கள். ஜப்பானிய மொழியில் அவற்றின் பெயர்களைச் சேர்த்து ஒலித்தால் கடையின் பெயரும் ஒகிதாவின் பெயரும் வந்துவிடும். 1796-ல் அந்த விடுகதைக்கும் தடை. 1800-ல் முகத்தைப் பெரிதாக வரைவதற்கே தடை. 1804-ல் உதமாரோ தண்டிக்கப்பட்டது பெண்களை வரைந்ததற்காக அன்று, ஹிதெயோஷி என்ற பழைய ஆட்சியாளரையும் அவர் மனைவியரையும் வரைந்ததற்காக. 50 நாள் கைவிலங்கு பூட்டப்பட்டார். இரண்டு ஆண்டுகளில் இறந்துபோனார்.

உங்கள் படம் இதற்கெல்லாம் நூறாண்டுக்குப் பிந்தியது. கோயோ மேலைநாட்டு எண்ணெய் ஓவியம் பயின்றவர், உதமாரோவை ஆராய்ந்தவர், பழைய படங்களை மீண்டும் அச்சிடும் பணியையும் மேற்பார்த்தவர். 1915-ல் வதானபே ஷோசபுரோ என்ற பதிப்பாளருக்காகக் குளிக்கும் பெண்ணின் படம் ஒன்றைச் செய்தார். பிறகு தாமே செதுக்குநர்களையும் அச்சிடுபவர்களையும் வைத்துக்கொண்டு படங்களை வெளியிட்டார். 1921-ல், நாற்பது வயதில் காலமாகிவிட்டதால், அவர் வெளியிட்டவை பதினைந்துக்கும் குறைவு. மாதிரிப் பெண்ணை எதிரில் அமர்த்தி, பென்சிலில் பலமுறை வரைந்து பார்த்த பிறகே பலகைக்குப் போனவர் அவர். அதனால்தான் கையின் எலும்பும் தோளின் எடையும் உதமாரோவிடம் இல்லாத அளவுக்கு அவரிடம் தெரிகின்றன.

தமிழ் வாசகர்களுக்காக ஓர் இடைச்செருகல். கோயோவைப் போலவே மர அச்சின் மறுமலர்ச்சிக் காலத்தவரான யோஷிதா ஹிரோஷி இந்தியாவில் பயணம் செய்து 1931-ல் வெளியிட்ட மர அச்சுகளில் மதுரைக் கோயிலின் உட்புறமும் உண்டு. அழகியர் படம் அன்று. ஆனால் தேடிப் பார்க்கத் தக்கது.

மறுமொழி: மல்லேஸ்வரம் தமிழாசிரியை

நூல்விரும்பி ஐயா எழுதியதில் தகவல் பிழை எதையும் நான் காணவில்லை. ஆனால் அந்தக் கல்லூரி மாணவி கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு விடை சொல்லாமல் அழகை மட்டும் பேசிக்கொண்டிருப்பது முறையன்று.

இந்தப் படங்களில் இருக்கும் பெண்களில் பெரும்பகுதியினர் யோஷிவாராவைச் சேர்ந்தவர்கள். அது எடோவில் ஆட்சியின் உரிமம் பெற்று நடந்த பரத்தையர் சேரி. சுற்றிலும் அகழி, நுழைய ஒரே பெருவாயில். வறிய குடும்பங்கள் முன்பணம் பெற்றுக்கொண்டு ஏழெட்டு வயதுச் சிறுமிகளை அங்கே ஒப்படைத்தன; அந்தக் கடன் தீரும்வரை அவர்கள் வெளியேற முடியாது. இறந்தவர்களில் பலருக்கு இறுதிக் கடன் செய்ய ஆளின்றி, ஜோகான்-ஜி என்ற கோயிலில் கொண்டுபோய் விட்டார்கள். உதமாரோவின் பதிப்பாளரான த்சுதாயா ஜூசபுரோ யோஷிவாராவிலேயே பிறந்தவர். அங்கிருந்த பெண்களின் பெயர்ப் பட்டியலை வழிகாட்டி நூலாக அச்சிட்டு விற்றுத் தொழில் தொடங்கியவர். ஆகவே இந்தத் ‘தனிமை’ பலவேளைகளில் விற்பனைப் பொருளின் இன்னொரு முகம். ஜப்பானில் உரிமம் வழங்கும் முறை 1946-ல் ஒழிக்கப்பட்டாலும், இத்தகைய பகுதிகள் சட்டப்படி மூடப்பட்டது 1958-ல்தான்.

இப்படிச் சொன்னாலும், எல்லாப் படங்களையும் ஒரே கூடையில் போட என்னால் முடியவில்லை. உதமாரோ 1794-ஐ ஒட்டிச் செய்த ‘யோஷிவாராவின் பன்னிரண்டு பொழுதுகள்’ என்ற தொகுதியில், பின்னிரவு இரண்டு மணியைக் குறிக்கும் படத்தைப் பாருங்கள். உறக்கம் கலையாத ஒருத்தி, ஒரு கையில் கசங்கிய தாளும் மறுகையில் எரியும் திரியுமாக, காலால் செருப்பைத் தேடி நுழைக்கிறாள். கழிப்பிடம் போகப் புறப்பட்டவள். உடை சரிந்திருப்பதில் கிளர்ச்சியூட்டும் எண்ணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, களைப்புத்தான் தெரிகிறது. வாடிக்கையாளர் காண முடியாத, காண விரும்பாத நேரம் அது. அதை வரைந்தவர் ஆண்தான், விற்றவர் அந்தத் தொழிலின் ஆதாயத்தில் வாழ்ந்தவர்தான். இருந்தும் படம் அவள் பக்கம் நிற்கிறது. அதே உதமாரோ வேறு பல படங்களில் வெறும் சரக்கை அலங்கரித்துக் காட்டியிருக்கிறார். ஆகவே வகைக்கு ஒட்டுமொத்தத் தீர்ப்பு எழுதாமல், படத்துக்குப் படம் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கோயோவின் பெண்ணுக்கு இந்த அளவுகோலை வைத்தால் என்ன கிடைக்கும்? அவள் அகழிக்குள் அடைபட்டவள் அல்லள், ஊதியம் பெற்று அமர்ந்த மாதிரி. கோயோவுக்கு மாதிரியாக இருந்தவர்களில் கொதைரா தோமி என்பவரின் பெயர் இன்றும் தெரிகிறது. ஆனால் உதமாரோவின் ஒகிதாவைப் போல அவள் பெயர் படத்தில் இல்லை. ‘கூந்தல் வாரும் பெண்’ என்றாகிவிட்டாள். கலையரங்கின் கண்ணியம் கூடியபோது பெண்ணின் பெயர் மறைந்தது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. மகளிடம் இதையும் சொல்லுங்கள். பெண்களே இவ்வகையை எப்படிக் கையாண்டார்கள் என்று அவர் அறிய விரும்பினால் உயேமுரா ஷோயென் (1875–1949) வரைந்த ஓவியங்களைக் காட்டுங்கள். அவை அச்சு அல்ல, தூரிகை ஓவியங்கள். அவருடைய பெண்கள் தலை முடித்து, உடை திருத்தி, தம் வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். பார்ப்பவருக்காக ஒரு விரலைக்கூட அசைக்கமாட்டார்கள்.

மறுமொழி: கண்டோன்மென்ட் பயணி

மாமியார் அவர்களின் மறுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றவை என் அறிவுக்கு அப்பாற்பட்டவை.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் மரபில் விரித்த கூந்தல் துயரத்துக்கும் சினத்துக்கும் உரியது. கண்ணகியும் பாஞ்சாலியும் நினைவுக்கு வருவார்கள். ஆனால் இந்தப் படத்தில் இருப்பவள் சீப்போடு இருக்கிறாள். தலையை விரித்துப் போட்டவள் அல்லள், முடித்துக்கொள்ளப் போகிறவள். மங்கலத்துக்கு முந்திய கணம் அது. அத்துடன், பெங்களூரிலிருந்து காலையில் கிளம்பினால் பிற்பகலுக்குள் பார்த்துவிடக்கூடிய பேளூர் சென்னகேசவர் கோயிலில், 1117-ல் விஷ்ணுவர்த்தனன் எழுப்பிய அந்தக் கோயிலிலேயே, கண்ணாடியில் முகம் பார்ப்பவளும் குளித்தெழுந்து கூந்தலைப் பிழிபவளும் தாங்கு சிலைகளாக நிற்கிறார்கள். இறைவன் சன்னிதிக்கு ஆகும் காட்சி வீட்டுக் கூடத்துக்கும் ஆகும் என்று அவரிடம் எடுத்துச் சொல்லலாம். அவர் ஒப்புக்கொள்வார் என்று உறுதி கூற மாட்டேன். என் வீட்டுப் பெரியவர்கள் இப்படிப்பட்ட வாதத்துக்கு ஒருபோதும் இசைந்ததில்லை.

கேள்வி கேட்டவர்: ஜெயநகர் வாசகி

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு மகளும் நானும் விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கால் பார்த்தோம். கோடுகள் அமிழ்ந்திருக்கின்றன, பின்பக்கத்தில் நீலம் கசிந்திருக்கிறது, சுழன்ற தடங்களும் உள்ளன. புள்ளிகள் இல்லை. நெற்றியோரத்து மயிரிழைகளை உருப்பெருக்கியில் பார்த்த என் மகள் நெடுநேரம் கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை. ஆனால் தாள் மிக வெண்மையாக, புதியது போல இருக்கிறது. கீழ் ஓரத்தில் படத்துக்கு வெளியே ஒரு சிறு அச்சு முத்திரையும் உண்டு. இது நூறாண்டுப் பழமையானதாக இருக்க முடியுமா?

பேளூர் வாதத்தை மாமியாரிடம் சொன்னேன். கோயிலில் இருப்பது கல், இது தாள் என்று சொல்லிவிட்டார். கூடத்தில் வேண்டாம், மாடிப்படியின் பக்கத்துச் சுவரில் மாட்டிக்கொள் என்பதுவரை இறங்கி வந்திருக்கிறார். தமிழாசிரியை அம்மா சொன்ன பின்னிரவுப் படத்தை மகளிடம் காட்டினேன். கூடத்துக்கு அதுதான் தகுந்தது, இது அல்ல என்று அவள் புதிய வழக்கைத் தொடங்கியிருக்கிறாள்.

மறுமொழி: அச்சுப்பலகை

அம்மா, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது மர அச்சுதான், ஆனால் பெரும்பாலும் பிற்காலத்தில் புதிதாகச் செதுக்கிய பலகைகளிலிருந்து எடுத்த மறுபதிப்பாக இருக்கும். கோயோவின் படங்களுக்கு அத்தகைய மறுபதிப்புகள் நிறைய உண்டு. ஓரத்து முத்திரை அதை வெளியிட்ட பட்டறையுடையதாக இருக்கலாம். அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் 1920-ஆம் ஆண்டுப் பிரதியின் பெரிய படத்தைத் திறந்து, நெற்றியோரத்து இழைகளை உங்கள் பிரதியோடு ஒன்றொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். பலகை மாறினால் இழைகளின் வளைவு எங்கேனும் மாறியே இருக்கும். விற்பனை மதிப்பில் பெரிய வேறுபாடு உண்டு. ஆனால் இன்னொரு செதுக்குநர் அதே கத்தியோடும் அதே மரத்தோடும் உட்கார்ந்து செய்த வேலை என்பதால், என் கண்ணுக்கு அதில் குறைவு எதுவும் இல்லை.

மாடிப்படிச் சுவர் நல்ல இடம், அங்கே நேர் வெயில் விழாதென்றால். அச்சு நிறங்களுக்குக் கொடிய பகை ஒளி. ஹருனோபு காலத்துப் படங்களில் இன்று வெளிறிய மஞ்சளாகத் தெரியும் பல இடங்கள் ஒருகாலத்தில் பூச்சாற்றிலிருந்து எடுத்த நீலமாகவும் ஊதாவாகவும் இருந்தவை. அருங்காட்சியகங்கள் இத்தகைய தாள்களை 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியில், அதுவும் சில வாரங்களுக்கு மட்டுமே காட்டுவது அதனால்தான். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போடச் சொல்லுங்கள். ஆண்டில் சில மாதங்கள் சுவரில் வைத்துவிட்டு, மற்ற மாதங்கள் அமிலமற்ற உறையில் படுக்கவைத்து எடுத்து வைப்பது நல்லது.

சட்டம் போடும் கடையில் மூன்று செய்திகளை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். முதலாவது, படத்தை அட்டையில் முழுவதுமாக ஒட்டவே கூடாது. மேல் விளிம்பில் இரண்டு இடங்களில் மட்டும், மெல்லிய ஜப்பானியத் தாள் துண்டுகளைக் கோதுமை மாச்சத்துப் (ஸ்டார்ச்) பசையால் ஒட்டித் தொங்கவிட வேண்டும். ஒட்டுநாடா எந்த வகையாக இருந்தாலும் சில ஆண்டுகளில் தாளில் பழுப்புக் கறையை விட்டுவிடும். இரண்டாவது, ஓரத்தை வெட்டி அளவாக்கக் கூடாது; அந்த முத்திரை இருக்கும் ஓரத்தைத்தான் பல கடைக்காரர்கள் முதலில் கத்தரிக்கிறார்கள். மூன்றாவது, கண்ணாடி படத்தைத் தொடாமல் இருக்க நடுவே அமிலமற்ற அட்டையால் ஓர் இடைவெளிச் சட்டம் வேண்டும். ஜூன் முதல் அக்டோபர் வரை நம் ஊர் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிய அபிரகம் கழன்று வந்துவிடும். வெளிப்பக்கச் சுவராக இருந்தால் சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டி, காற்றுப் போக இடம் விடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை இறக்கி, இராமபாணப் பூச்சி புகுந்திருக்கிறதா என்று பின்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.